அடியில்லாத குடம்

குடம் மெதுவாகவே நிறையட்டும், என்ன அவசரம், செத்தவன் எழுந்து எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை என்று மெலித்தா கிணற்றடியில் நின்றாள். பக்கத்து வீட்டுச் சிமிக்கேயின் கிணறு. சொந்த வீட்டுக் கிணறு இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, ஆனால் அந்தத் தண்ணீர் இன்றைக்கு ஆகாது. சாவு விழுந்த வீட்டில் தண்ணீரும் தீட்டு, அடுப்பு நெருப்பும் தீட்டு. வாசலில் வைக்கிற குடத்துக்கு வேறு வீட்டுத் தண்ணீர்தான் வேண்டும். துக்கம் கேட்க வந்தவர்கள் திரும்பிப் போகும்போது அதில் கையை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டு போவார்கள், சாவு அவர்களோடு ஒட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வராமலிருக்க. ஏதென்ஸ் ஊர் வழக்கம் அது. அவளுக்குத் தெரியாத வழக்கமா? பாரோஸ் தீவிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, இந்தக் குயவர் தெருவில் தெக்சியோஸின் வீட்டு அடுப்பை மூட்டிய நாளிலிருந்து எத்தனை வாசலில் எத்தனை குடம் பார்த்திருப்பாள். அந்தக் குடத்தை யார் தூக்கிவருவார்கள் என்பதும் தெரியும். வீட்டு ஆட்கள் தூக்க மாட்டார்கள், வெளியாள்தான் தூக்கிவர வேண்டும். "நீ போய்க் கொண்டா மெலித்தா, இங்க சொந்தம் இல்லாத ஆளு வேற யாரு இருக்கா" என்றாள் தெக்சியோஸின் தங்கை லிசில்லா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உப்பை எடுத்து வை என்பதுபோலச் சொன்னாள். அடிப்பாவி, விடியற்காலையில் உன் அண்ணனை நிர்வாணமாகப் போட்டுக் குளிப்பாட்டியது யார்? இந்தக் கைக்குத் தீட்டு இல்லையா? இந்தக் கைக்குத் தீட்டு இல்லையென்றால் வேறு எந்தக் கைக்குத் தீட்டு? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள், தேவைப்பட்ட இடத்தில் எல்லாம் ஆடியே பழகிய தலை.

அவள்தான் குளிப்பாட்டினாள், வேறு யாரையும் கிட்ட விடவில்லை. கண்ணை மூடிவிட்டாள், தாடை தொங்காமல் துணியால் கட்டினாள், கட்டுவதற்கு முன்னால் செத்தவனை அக்கரை சேர்க்கிற ஓடக்காரனுக்கான ஒற்றைக் காசை நாக்கின்மேல் வைத்தாள். நாக்கு குளிர்ந்திருந்தது. நேற்று முன்தினம்கூட அந்த நாக்குதான் கஞ்சியில் உப்பு இல்லை என்று சொன்னது. நகக்கண்ணில் களிமண், எவ்வளவு தேய்த்தும் போகவில்லை, சரி போ, அங்கே போயும் மண்ணைத்தான் பிசையப் போகிறாய் என்று விட்டுவிட்டாள், அப்போது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. எண்ணெய் தடவினாள். மருவு இலையைப் பரப்பி, திராட்சைக்கொடியை ஒடித்துப் போட்டு, அதன்மேல் படுக்க வைத்து, கால் வாசலைப் பார்க்கத் திருப்பினாள். பிறகு கத்தரியை எடுத்துத் தன் முடியை ஒட்ட வெட்டினாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. தெக்சியோஸுக்கு அந்த முடி என்றால் உயிர், வெயிலில் காயப்போடு, நான் பார்க்கிறேன் என்பான். அதைச் சுருட்டி அவன் வலது கையில் திணித்து விரல்களை மூடினாள். விரல் விறைத்துவிட்டதால் ஒவ்வொன்றாக மடக்க வேண்டியிருந்தது. பெண்டாட்டி செய்கிற காரியம் எதையும் விடவில்லை. அதுவரைக்கும் அவள் பெண்டாட்டியாகத்தான் இருந்தாள். அதற்கப்புறம்தான் லிசில்லா துணி சுற்றிய ஒரு உயரமான சாமானை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து தலைமாட்டில் வைத்துத் துணியை உருவினாள்.

கல்யாணக் குளியல் குடம். கழுத்து நீண்டு, கைப்பிடி இரண்டும் காது மாதிரி உயர்ந்து, எவனுக்கும் பார்த்ததும் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் குளிக்க ஊற்றுத் தண்ணீர் கொண்டுவருகிற குடம் அது. கல்யாணம் ஆகாமலே ஒரு உயிர் போய்விட்டால், ஐயோ அந்தக் குளியல் கிடைக்காமல் போயிற்றே என்று அதே குடத்தைப் பிணத்தின் பக்கத்தில் வைத்து, பிறகு கல்லறையில் நட்டு வைப்பார்கள். இந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்கும் அதற்கு அர்த்தம் தெரியும், இங்கே படுத்திருப்பவன் பெண்டாட்டி இல்லாதவன் என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது. மெலித்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. யாருடைய குடமோ மாறி வந்துவிட்டது, லிசில்லாவுக்குத் துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் நினைத்தாள். வாயைத் திறந்து சொல்லவும் போனாள். அப்போதுதான் குடத்தின் வயிற்றில் வரைந்திருந்த கல்யாணப் பெண்ணைப் பார்த்தாள். குனிந்த தலை, இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி, இடது புருவத்தில் சின்ன வெட்டு. சின்ன வயதில் படகுத் துடுப்பு பட்ட வெட்டு. அவளேதான்.

கயிறு கையில் வழுக்கியது, வாளி கிணற்றுச் சுவரில் முட்டித் தண்ணீர் சிந்தியது, சிந்தட்டும். எப்படி மறப்பாள்? பனிக்காலம் முடிந்து முற்றத்தில் நல்ல வெயில் விழ ஆரம்பித்த நாட்கள். அவனுக்கு இருமல் விடவில்லை, ஆனாலும் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தான். "இங்க வந்து உக்காரு, உன் மூஞ்சி வேணும்" என்றான். அவளுக்கு நெஞ்சு குதித்தது, உள்ளதைச் சொல்ல வேண்டும், சின்னப் பெண் மாதிரி குதித்தது. ஏனென்றால் அவன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான், உனக்குன்னு ஒரு குடம் பண்றேண்டி, ஊரே பார்த்து வாயைப் பிளக்கிற மாதிரி, அதுல தண்ணி கொண்டாந்து உன்னைக் குளிப்பாட்டுறேன், அப்புறம் எவன் என்ன சொல்றான் பார்க்கலாம். குடிக்கும்போது சொல்வான், கொஞ்சும்போது சொல்வான். அதனால் "எனக்கா?" என்று கேட்டேவிட்டாள். அவன் குடத்தைச் சாய்த்து அடிப்பக்கத்தைக் காட்டினான். அடி இல்லை, வானம் தெரிந்தது. கல்லறைக்குப் போகிற குடத்துக்கு அடி வைக்க மாட்டார்கள், மேலே ஊற்றுவது நேராக மண்ணுக்குள் இறங்கிப் படுத்திருப்பவனுக்குப் போய்ச் சேர வேண்டும். "செத்தவனுக்குடி" என்றான். "யாரு, சின்னப் பையனா?" "இல்ல. வயசானவன்தான். கல்யாணம் ஆகல." "அட பாவமே," என்றாள் அவள், மனசாரச் சொன்னாள், "இத்தனை வயசு வரைக்கும் ஒருத்தி வரலையா? அவனைக் குளிப்பாட்டக்கூட ஆள் இருக்காதே." தூரிகை அப்படியே நின்றது. அவன் அவளைப் பார்க்கவில்லை, குடத்தைத்தான் பார்த்தான். "அதுக்கு ஆள் இருக்கு," என்றான். "தலையைக் கொஞ்சம் குனி." குனிந்தாள். அட பைத்தியக்காரி, கேட்டதும் குனிந்தாயே. வெயில் ஏறுகிற வரைக்கும் அசையாமல் குனிந்து உட்கார்ந்திருந்தாயே, கழுத்து வலித்தும் சொல்லாமல், அவன் நன்றாக வரையட்டும் என்று. நடுவில் எழுந்து போய் அவனுக்குத் தேனும் வெந்நீரும் கலந்து வேறு கொண்டுவந்து கொடுத்தாய்.

சாகப் போகிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அது தெரிந்தவன் எத்தனையோ செய்திருக்கலாம். அவன் செய்தது இது. "நானா செஞ்சேன்?" என்றாள் லிசில்லா, அவளைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி. "அண்ணனேதான் கொண்டாந்து எங்க வீட்டுல வச்சுட்டுப் போனான். நான் போனா இதைத் தலைமாட்டுல வையி, மறந்துடாதேன்னான். எல்லாம் உன் நல்லதுக்குத்தான். வெளியூர்க்காரி இந்த ஊர்க்காரனுக்குப் பெண்டாட்டின்னு தலைமாட்டுல நின்னா, எவனாவது வேண்டாதவன் வழக்குப் போடுவான். நிரூபிச்சா உன்னைச் சந்தையில நிறுத்தி வித்துடுவாங்க, தெரியுமில்ல? அண்ணன் யோசிச்சுத்தான் பண்ணிருக்கான்." தெரியும். சட்டம் அவளுக்கும் தெரியும், துறைமுகத்துச் சந்தையில் விலைக்கு நிறுத்தியிருந்த பெண்களைப் பார்த்த நாளிலெல்லாம் சோறு இறங்கியதில்லை. அப்படியானால் அவன் நல்லவன்தானா? காப்பாற்றத்தான் செய்தானா? இருக்கலாம். இருக்கலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தால் அடுத்த அடியில் காலில் முள் குத்துகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மெலித்தா, சட்டம் இப்படி இருக்கு, ஊர் வாயை அடைக்க நான் இப்படி ஒரு பொய் பண்ணப் போறேன், நீ மனசுல வச்சுக்காதே. இவ்வளவுதான். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவளே களிமண் பிசைந்து கொடுத்திருப்பாள். அவளே அந்தக் குடத்தைத் தூக்கி வந்து தலைமாட்டில் வைத்திருப்பாள், உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, நமக்குள்ளே தெரிந்ததுதானே என்று. சொல்லவில்லை. தங்கையிடம் போய்ச் சொல்லத் தெரிந்தது. அப்படியென்றால் காப்பாற்றியது யாரை? வீடு லிசில்லாவின் மகன்களுக்குச் சிக்கலில்லாமல் போக வேண்டும், அவன் பெயர் கெடாமல் கல்லறையில் நிற்க வேண்டும், நல்ல குடிமகன் தெக்சியோஸ், பாவம் கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை. இல்லை, இல்லை, அவன் அப்படிப்பட்டவன் இல்லை. அப்படியானால் எப்படிப்பட்டவன்? இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை என்றால் வெட்கக்கேடுதான். குடத்திலாவது வேறு யாருடைய முகத்தையாவது வரைந்திருக்கலாம். அவள் முகத்தைப் போட்டு, அவளையே உட்கார வைத்து, அவள் வாயாலேயே அட பாவமே என்று சொல்ல வைத்து. அதுதான். அதைத்தான் விழுங்க முடியவில்லை.

"நிறைஞ்சு வழியுது பாரு" என்றாள் சிமிக்கே வீட்டுக்குள்ளிருந்து வந்து. அறுபது தாண்டிய விதவை, துக்கத்துக்குப் போகக் கறுப்புத் துணியைப் போர்த்தியிருந்தாள். மெலித்தாவின் மொட்டைத் தலையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "நீயாடி தண்ணி எடுக்க வந்தே? நீ தலைமாட்டுல இல்ல இருக்கணும்?" "தலைமாட்டுல லிசில்லா நிக்குறா பெரியம்மா. நான் கால்மாட்டுல கதவோரம் நின்னு பாட்டை எடுத்துக் கொடுக்கணுமாம்." சிமிக்கே குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டாள். பாட்டு. ஆமாம், பாட்டுக்கு அவள் வேண்டும். தீவுக்காரிகளின் ஒப்பாரி இந்த ஊர்ப் பெண்களுக்கு வராது, தொண்டையிலேயே நின்றுவிடும். தெரு முழுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். தெக்சியோஸின் தாய் செத்தபோது அவள் எடுத்த பாட்டில் ஆம்பிளைகள்கூடச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். அன்றைக்கும் லிசில்லா இருந்தாள். அவனுக்கு இளையவள், முறைக்கு அண்ணி என்று கூப்பிட வேண்டியவள், ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. மெலித்தா, ஏ மெலித்தா, இங்க பாரு, அவ்வளவுதான். மெலித்தா அவள் பிரசவத்துக்குப் போய் இருந்தாள், அவள் பிள்ளைகளுக்கு அம்மை போட்டபோது விழித்துக் கிடந்தாள், ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது மனசுக்குள் ஒரு சபலம், இன்றைக்குக் கூப்பிடுவாளோ என்று. எதற்காகவாம் அத்தனை ஏக்கம்? ஒரு சொல்தானே. அந்த ஒரு சொல்லுக்குத்தான். நாளை விடியுமுன் பிணத்தைத் தூக்குவார்கள். சொந்தக்காரப் பெண்கள் பின்னால் போகலாம், மற்றபடி அறுபது தாண்டாதவள் எவளும் போகக் கூடாது என்று சட்டம். சிமிக்கே போவாள். மெலித்தா போக முடியாது. சொந்தமும் இல்லை, வயதும் இல்லை. தெருமுனையில் நின்று பந்த வெளிச்சம் தூரத்தில் போவதைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

சந்து குறுகலானது. இடுப்பில் குடம் தளும்பித் துணி நனைந்து தொடையில் ஒட்டியது, குளிர்ச்சி அவளுக்குப் பிடித்திருந்தது, அது பிடித்ததில் கோபமும் வந்தது. சந்தின் சுவரோரம் அவர்கள் சூளையில் வீணான எண்ணெய்க் குப்பிகள் குவிந்து கிடந்தன. பிணத்தோடு வைக்கிற வெள்ளைக் குப்பி. வெளியே முழங்கை உயரம், உள்ளே கழுத்துக்குக் கீழே ஒரு கிண்ணம் மாதிரிச் சின்னதாகத் தெக்சியோஸ் ஒட்டி வைத்திருப்பான், நாலு சொட்டு ஊற்றினால் வாய்வரை நிறைந்து நிற்கும். பார்க்கிறவர்களுக்கு என்ன தாராளம் என்று தோன்றும், செத்தவனுக்கோ நாலு சொட்டுதான். அந்தத் தந்திரத்தை முதல் முதலாக அவளுக்குக் காட்டியபோது இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யாரோ வாங்கிப் போகிறார்கள், யாரோ ஏமாறுகிறார்கள், செத்தவன் வந்து கேட்கவா போகிறான் என்று. அன்றைக்கு அவனோடு சேர்ந்து சிரித்தாளே. இவனுக்கு இப்படி ஒரு கை உண்டு என்று அன்றைக்கே தெரிந்ததே. தெரிந்தும், அந்தக் கை ஊரைத்தான் ஏமாற்றும், என்னை ஏமாற்றாது என்று நினைத்துக்கொண்டாள், எல்லாப் பெண்களும் அப்படித்தான் நினைப்பார்கள் போல. காலில் ஒரு ஓடு குத்தியது. நின்று உதறிவிட்டு நடந்தாள். இன்று ராத்திரி எங்கே படுப்பது? பாட்டை முடித்துவிட்டு, நாளைய சாவு விருந்துக்குப் பாத்திரம் கழுவிவிட்டு, பிறகு? லிசில்லா போகச் சொல்லமாட்டாள், இருக்கவும் சொல்லமாட்டாள், உப்பை எடுத்து வை என்கிற குரலில் ஏதாவது சொல்வாள், இவள் தலையை ஆட்டுவாள்.

வாசலில் சைப்ரஸ் கொப்பு கட்டியிருந்தார்கள். குடத்தை நிலைப்படிக்கு வெளியே இறக்கி வைத்தாள். கதவு திறந்திருந்ததால் உள்ளே எல்லாம் தெரிந்தது. முதலில் அவன் பாதங்கள், வாசலைப் பார்த்தபடி. அவள் துடைத்துவிட்ட பாதங்கள், இடது கட்டைவிரல் கொஞ்சம் கோணல். அதற்கப்பால் மாலை போட்ட தலை, அதற்குப் பக்கத்தில் அந்தக் குடம், குடத்தில் குனிந்தபடி முடியோடு இருக்கிற அவள். லிசில்லா அவன் தலையைத் தாங்கி நின்று வாயைத் திறந்து திறந்து மூடினாள். மூன்று நான்கு பெண்கள் கையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆளாளுக்கு ஒரு சுருதியில் இழுத்தார்கள், ஒன்றோடு ஒன்று சேரவில்லை, நடுவில் யாரோ தும்மினார்கள். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கம் கேட்டு முடித்த சூளைக்காரர் ஒருவர் வெளியே வந்து குடத்தில் கையை விட்டுத் தலையில் தெளித்துக்கொண்டு போனார். போகிற நடையே வேறு மாதிரி இருந்தது, மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி. மெலித்தாவின் தொண்டையில் பாட்டு வந்து நின்றது. அவனுக்கென்று அவள் மனசில் முன்பே கட்டி வைத்த முதல் அடி, இருமல் முற்றிய நாட்களில் அவன் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே கட்டியது. என் வீட்டுக் கூரையே என்று தொடங்கும். என் வீடு. எந்த வீடு?

லிசில்லா வேறொருத்தியை அவன் தலையைத் தாங்கச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். மெலித்தாவின் பின்னாலேயே வந்த சிமிக்கே மட்டும்தான் பக்கத்தில் இருந்தாள். லிசில்லா குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணி."

பொய் சொல்லிப் பயனில்லை, அந்த நேரத்திலும் மெலித்தாவுக்கு அது இனித்தது.

"அண்ணி, உள்ள வாங்க. அழுகை ஏறவே மாட்டேங்குது. வந்தவங்க எல்லாம் கல்லு மாதிரி உக்காந்திருக்காங்க, ஊரே சிரிக்கும். நீங்க வந்து எடுத்துக் கொடுங்க. கதவோரமா நின்னா போதும்."

கதவோரமா நின்றால் போதும். மெலித்தா அவள் முகத்தைப் பார்த்தாள். தெக்சியோஸின் மூக்கு, அதே மூக்கு. அதுக்கு ஆள் இருக்கு. அன்றைக்கு அவன் அதைச் சொன்ன குரலும் இந்தக் குரலும் ஒரே வயிற்றில் பிறந்த குரல்கள்தான், இரண்டுக்கும் அவள் எதற்கு வேண்டும் என்று நன்றாகத் தெரியும். தலை வழக்கம்போல ஆடப் பார்த்தது. அவள் அதை ஆடவிடாமல் குனிந்தாள். குடத்தில் கையை விட்டாள், மணிக்கட்டு வரைக்கும், எண்ணெய் வாசம் இன்னும் போகாத கையை.

"அடியே, என்ன பண்றே?" சிமிக்கே பதறினாள். "வீட்டு மனுஷி அதைத் தெளிச்சுக்கக் கூடாதுடி!"

"நான் வீட்டு மனுஷி இல்ல பெரியம்மா," என்றாள் மெலித்தா. குரல் உடையவில்லை, அவளுக்கே ஆச்சரியம். "துக்கம் கேட்க வந்தேன். கேட்டாச்சு."

தலையில் தெளித்துக்கொண்டாள். முடி இல்லாத தலையில் தண்ணீர் எங்கேயும் தங்காமல் நேராக இறங்கி, புருவத்து வெட்டில் பிரிந்து, கண்ணோரமாக வழிந்தது. அழுகிறாள் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மற்றவர்கள் போனதைப் போலவே, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கினாள்.

"அண்ணி!" என்று லிசில்லா இந்தத் தடவை கத்தியே விட்டாள். உள்ளே இருந்தவர்கள், தெருவில் நின்றவர்கள், எல்லாருக்கும் கேட்டது. ஊருக்கே கேட்கிற மாதிரி, இத்தனை வருஷம் அவள் எப்படிக் கேட்க ஆசைப்பட்டாளோ அப்படியே. மெலித்தா நடந்துகொண்டே இருந்தாள். பின்னால் பாட்டு எதுவும் கிளம்பவில்லை. அவள் வெட்டின முடி மட்டும் அவன் கைக்குள் இருக்கிறது, திரும்ப வாங்க முடியாது, அதை வைத்துக்கொண்டு போகட்டும். முடிதானே, வளரும்.